சோரியாவிலும் ஹல்லிலும் விழுந்த அடி

ஸ்பெயினின் வடக்கு மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே சோரியா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 40,000. பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் அந்த ஊரை அப்படியே கொண்டுபோய் உட்கார வைத்தாலும் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ரோமானியப் படையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்று கி.மு. 133இல் வீழ்ந்த நுமான்சியா நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. உள்ளூர் கால்பந்து அணிக்கும் அந்தப் பெயர்தான். 2008 ஆகஸ்ட் 31ஆம் தேதி அந்த நுமான்சியா, லா லிகா பருவத்தின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவை 1-0 என்று தோற்கடித்தது. 12ஆவது நிமிடத்தில் மரியோ அடித்த கோல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 80 நிமிடங்கள் பார்சிலோனா முட்டி மோதியும் கதவு திறக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இதே கதை. 2016 ஆகஸ்ட் 13, பிரீமியர் லீக்கின் முதல் நாள். நடப்புச் சாம்பியன் லெஸ்டர் சிட்டி, அப்போதுதான் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து ஏறி வந்த ஹல் சிட்டியிடம் 2-1 என்று தோற்றது. நடப்புச் சாம்பியன் ஒருவர் தொடக்க ஆட்டத்திலேயே தோற்றது இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் 1989க்குப் பிறகு அதுவே முதல் முறை.

வென்ற இரண்டு சிறிய அணிகளின் முடிவும் ஒன்றுபோலவே அமைந்தது. நுமான்சியா அந்தப் பருவத்தின் கடைசியில் 19ஆவது இடத்தில் முடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. ஹல் 18ஆவது இடத்தில் முடித்து அதுவும் இறங்கியது. ஆனால், தோற்ற இரண்டு பெரிய அணிகளும் எதிரெதிர்த் திசையில் போயின. பார்சிலோனா லீக், ஸ்பானிய மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. எந்த ஸ்பானிய கிளப்பும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. லெஸ்டரோ 12ஆவது இடத்துக்குச் சரிந்தது. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை பிப்ரவரி 23ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பியது.

ஆகவே, ‘இவ்வளவு சின்ன அணியிடமா தோற்பது?’ என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் ரசிகர்கள் கொதிக்கிறார்களே, அந்தக் கேள்வியால் ஒன்றும் தெரியப்போவதில்லை. எதிராளி யார் என்பதை வைத்து ஒரு தொடக்கத் தோல்வியை எடை போட முடியாது. பிறகு எதை வைத்து எடை போடுவது?

சோரியா தோல்விக்குப் பிறகு பார்சிலோனா ரசிகர்களுக்குக் கோபப்பட நிறையவே காரணம் இருந்தது. முந்தைய பருவத்தில் ரியல் மாட்ரிட்டைவிட 18 புள்ளிகள் பின்தங்கி மூன்றாவது இடம். ஜூலையில் கிளப் தலைவர் ஜோன் லபோர்டா மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். வாக்களித்த உறுப்பினர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதிதான் அவரைக் காப்பாற்றியது. ரொனால்டினோவை மிலானுக்கும் டெக்கோவை செல்சிக்கும் விற்றுவிட்டார்கள். புதிய பயிற்சியாளர் பெப் கார்டியோலாவுக்கு 37 வயது. பயிற்சியாளராக அவருடைய அனுபவம், கிளப்பின் இரண்டாம் அணியோடு நான்காம் நிலை லீக்கில் ஒரே ஒரு பருவம். நுமான்சியா ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்புதான் போலந்தின் விஸ்வா கிராகோவிடமும் 1-0 என்று தோற்றிருந்தார்கள். இரு ஆட்டத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 4-0 வென்றிருந்ததால் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போகவில்லை, அவ்வளவுதான். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்த ரசிகர்தான் பொறுமையாக இருப்பார்? அனுபவம் இல்லாதவரிடம் அணியை ஒப்படைத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்று கையில் இருந்த செய்திகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான பயம்தான்.

அந்த நேரத்தில் மாறுபட்டுப் பேசியவர்களில் முக்கியமானவர் பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் யோஹன் கிரைஃப். இரண்டாவது ஆட்டத்தில் ராசிங் சான்டாண்டருடன் சொந்த மண்ணிலேயே 1-1 என்று டிரா ஆகி, இரண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி என்று அணி நின்றபோது, ‘எல் பெரியோடிகோ’ நாளிதழில் தன் பத்தியில் அவர் அணியைத் தூக்கிப்பிடித்து எழுதினார். அவர் கவனித்தது கோல் கணக்கை அல்ல. பந்து யாரிடம் இருந்தது, பறிபோன பந்தை எவ்வளவு சீக்கிரம் மீட்டார்கள், எதிரணி எத்தனை முறை கோல் பக்கம் வந்தது என்பதைத்தான். அதிகம் பேசாத ஆன்ட்ரெஸ் இனியெஸ்டா அந்த நாட்களில் பயிற்சியாளரின் அறைக்கே போய், பயிற்சி அருமையாக இருக்கிறது, இதே வழியில் போவோம் என்று சொல்லிவிட்டு வந்ததும் பின்னாளில் பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நன்றாகத்தான் ஆடினோம், வாய்ப்புகளைத் தவறவிட்டோம்’ என்ற சமாதானத்தை லெஸ்டர் ரசிகர்களும் சொன்னார்கள். அதிலும் உண்மை இருந்தது. முன்கள வீரர் ஜேமி வார்டி வழக்கமாக உள்ளே போடும் பந்துகள் ஹல்லில் வெளியே போயின. ஹல் அடித்த முதல் கோலோ யாரும் திட்டமிட்டு அடிக்க முடியாதது: முதல் பாதி முடியும் தருவாயில் அடாமா டியோமாண்டேயும் ஆபெல் ஹெர்னாண்டஸும் அருகருகே நின்று, ஒரே நேரத்தில் முதுகைத் தரைக்குக் கொடுத்துக் காலைத் தலைக்கு மேலே வீசினார்கள். இரண்டு கால்களில் எது பந்தைத் தொட்டது என்று மறு ஒளிபரப்பில் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இடைவேளை முடிந்த கையோடு ரியாத் மாரெஸ் பெனால்டியில் சமன் செய்தார். 57ஆவது நிமிடத்தில் ராபர்ட் ஸ்நாட்கிராஸ் ஹல்லுக்கு வெற்றி கோலை அடித்தார்.

ஹல்லின் அன்றைய நிலையையும் நினைத்துப் பாருங்கள். பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸ் ஜூலையிலேயே விலகிவிட்டார். மைக் ஃபீலன் தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். அந்தக் கோடையில் அதுவரை புதிய வீரர்களை வாங்கவில்லை; உரிமையாளர்கள் மீது ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட அணியிடம் விழுந்த அடியை ‘துரதிர்ஷ்டம்’ என்று ஒதுக்குவது எளிதாக இருந்தது. வாய்ப்புகளைத் தவறவிட்டது மட்டுமே குறை என்று எடுத்துக்கொண்டால் தீர்வு என்ன? முன்கள வீரரை வாங்குவது. லெஸ்டர் அதைத்தான் செய்தது. ஆகஸ்ட் கடைசி நாளில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனிடமிருந்து இஸ்லாம் ஸ்லிமானியை கிளப் அதுவரை கொடுத்ததிலேயே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள்.

ஓட்டை இருந்த இடம் வேறு. சாம்பியன் பட்டம் வென்ற 2015-16 பருவத்தில் நடுகளத்தில் இங்கோலோ கான்ட்டே இருந்தார். 175 டேக்கிள், 156 இடைமறிப்பு. இரண்டிலும் லீக்கிலேயே அவர்தான் முதலிடம். லெஸ்டரின் ஆட்டம் எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டால்தான் இந்த எண்களின் கனம் புரியும். பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கமாக நிற்பார்கள். நடுவில் ஓரிடத்தில் பந்து பறிக்கப்படும். அடுத்த நொடியே அது வார்டி ஓடும் வெற்றிடத்துக்குப் போகும். அந்தப் பறிப்பு இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. வார்டியின் கோல்கள் கான்ட்டேயின் காலில்தான் பிறந்தன என்று சொன்னால் மிகையில்லை. அவரை அந்தக் கோடையில் செல்சி வாங்கிக்கொண்டது. ஹல்லில் டேனி டிரிங்க்வாட்டருக்குப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்ய அவரைப் போன்ற ஒருவர் இல்லை. முந்தைய பருவத்தில் 38 ஆட்டங்களில் 36 கோல் வாங்கிய அதே தடுப்பாட்டம் இந்த முறை 63 கோல் வாங்கியது. கான்ட்டே புதிய கிளப்பில் மறுபடியும் சாம்பியன் ஆனார்.

எனவே, தோல்விக்குப் பிறகு நான் முதலில் கேட்பது, தவறிய வாய்ப்புகள் எத்தனை என்பதை அல்ல. போன பருவத்தில் இந்த அணியை ஓட வைத்த விஷயம் எது, அது இன்று களத்தில் இருந்ததா என்பதைத்தான். பார்சிலோனாவைப் பொறுத்தவரை போன பருவத்தின் அணி ஓடவே இல்லை. அதை மாற்றத்தான் கார்டியோலா வந்தார். அவர் புதிதாகக் கொண்டுவந்த ஆட்டம் சோரியாவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. தடுப்பு வரிசை உயரத்தில் நின்றது. சாவி, இனியெஸ்டா, யாயா டூரே மூவரும் பந்தைச் சுழற்றினார்கள். நுமான்சியா தன் பெட்டியை விட்டு வெளியே வரத் திணறியது. குறைந்தது ஒன்று மட்டும்தான், கோல். அதைப் போட வேண்டிய மெஸ்ஸி எட்டு நாள் முன்பு பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்டு நேராக அங்கிருந்து வந்தவர். அவரை அனுப்பத் தேவையில்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்த பிறகும் போகவிட்டவர் கார்டியோலாதான். சாவி, இனியெஸ்டா, கேப்டன் புயோல் மூவரும் ஜூன் கடைசியில் யூரோ கோப்பை ஆடி முடித்தவர்கள். அணிக்கு இன்னும் ஒன்றுசேர்ந்து பயிற்சி எடுக்கப் போதிய நேரம் கிடைக்கவில்லை.

இந்த அளவுகோலுக்கும் ஒரு சோதனை உண்டு. 1995 ஆகஸ்ட் 19 அன்று மான்செஸ்டர் யுனைடெட், ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. அந்தக் கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், ஆன்ட்ரே கான்செல்ஸ்கிஸ் மூவரையும் விற்றிருந்தார்கள். கான்ட்டே போன லெஸ்டரைப் போலவே தெரிகிறதல்லவா? அவர்களுக்குப் பதிலாக இறங்கிய இளைஞர்களைப் பார்த்து, பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று பிபிசியில் ஆலன் ஹான்சன் சொன்னது இன்றும் கேலிக்கு ஆளாகிறது. அந்தப் பையன்கள் லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்றார்கள். ஹான்சன் கால்பந்து தெரியாதவர் அல்ல. லிவர்பூலின் தடுப்பாட்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கியவர். அன்று அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது எரிக் கான்டனாவை. பார்வையாளரை உதைத்ததற்காக எட்டு மாதத் தடையில் இருந்த கான்டனா, அக்டோபர் 1 அன்று திரும்புவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அதாவது, யுனைடெட்டின் ஓட்டைக்கு மூடி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. லெஸ்டர் வீட்டில் அது இல்லை.

இதனால்தான் முதல் ஆட்டத்தைவிட இரண்டாவது ஆட்டத்தின் பதினொருவர் பட்டியலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். சோரியாவில் தோற்ற கார்டியோலா அடுத்த ஆட்டத்தில் மூத்தவர்களிடம் அடைக்கலம் தேடவில்லை. ராசிங்குக்கு எதிராக, முந்தைய பருவத்தில் நான்காம் நிலை லீக்கில் தன்னிடம் ஆடிய இரண்டு இளைஞர்களைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார். ஒருவர் 20 வயது செர்ஹியோ புஸ்கெட்ஸ், லா லிகாவில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். இன்னொருவர் 21 வயது பெட்ரோ. முந்தைய தோல்வி தன் எண்ணத்தை அசைக்கவில்லை என்பதை எந்தச் செய்தியாளர் சந்திப்பையும்விட அந்தப் பட்டியல் தெளிவாகச் சொன்னது. அதற்கடுத்து ஸ்போர்ட்டிங் கிஹோனுக்கு எதிராக 6-1. அதையும் சேர்த்து வரிசையாக ஒன்பது லீக் வெற்றிகள். பருவம் முடிந்தபோது 87 புள்ளி, 105 கோல். இரண்டு ஆண்டு கழித்து அந்த இருவரும் ஸ்பெயினுக்காக உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கினார்கள்.

லெஸ்டரின் இரண்டாவது ஆட்டம் ஆர்சனலோடு, கோலின்றி டிரா. புள்ளிக் கணக்கில் பார்சிலோனாவின் தொடக்கமும் இதுவும் ஒன்றுதான், இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளி. அன்று கான்ட்டேயின் இடத்துக்கென்று வாங்கியிருந்த நம்பாலிஸ் மென்டி முதன்முதலாகக் களமிறங்கினார். இறங்கிய அன்றே கணுக்காலில் காயம்பட்டு வெளியேறினார். மாற்று வீரரும் போய்விட்டார் என்பது ஆகஸ்ட் 20 அன்றே தெரிந்துவிட்டது. சந்தை மூட இன்னும் பதினோரு நாள் இருந்தது. பெரிய பணம் போனதோ முன்களத்துக்கு. நடுகளத்துக்கு வில்ஃப்ரெட் இன்டிடி வந்து சேர ஜனவரி ஆனது. அதற்குள் அணி கீழ்நோக்கிச் சரியத் தொடங்கியிருந்தது. ரனியேரியை நீக்கிய நாளில் லெஸ்டர், கீழிறங்கும் வரிசைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. அந்த நீக்கத்தை நன்றிகெட்ட செயல் என்றே இன்றும் நினைக்கிறேன். போன வீரருக்கு ஈடாக ஒருவரைத் தேடித் தராமல், பழைய முடிவை மட்டும் ஒரு பயிற்சியாளரிடம் கேட்டார்கள்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏதாவது ஒரு பெரிய அணி தொடக்கத்திலேயே தடுக்கி விழும். அது உங்கள் அணியாக இருந்தால், பயிற்சியாளரை நீக்கச் சொல்லும் முன்பும், புதிய முன்கள வீரரைக் கேட்கும் முன்பும், போன பருவத்தில் பந்தைப் பறித்துக் கொடுத்தவர் யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அடுத்த வாரப் பட்டியலில் அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.