ஓரியூர் முகப்பும் கீழக்கரைத் தூணும்

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகக் கிழக்கே சென்றால், கண்மாய்களும் பனைகளும் நிறைந்த சமவெளியில் ஓரியூர் என்னும் சிற்றூர் வரும். அங்குள்ள புனித அருளானந்தர் திருத்தலத்தை அண்மையில் கண்டு வந்தோம். அங்கு நிகழும் வழிபாட்டைப் பற்றிப் பேசுவது நம் நோக்கமன்று. கட்டடத்தைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறோம்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி, 1673-இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் பணியாற்றினார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி வகுத்த வழி அம்மிஷனுக்கு இருந்தது. காவியுடை, மரக்கறி உணவு, தமிழ்ப் பேச்சு ஆகியவையே அவ்வழி. பிரிட்டோவும் அவ்வாறே வாழ்ந்தார். தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் சீமைத் தலைவர் ஒருவர், ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்து ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அதனால் மூண்ட சினமே 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோவின் தலையைக் கொண்டது. 1947-இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது.

இத்தகையவரின் திருத்தலம் எம்முகத்தோடு நம்மை வரவேற்கிறது? போர்ச்சுகீசிய முகத்தோடு!

உயர்ந்தெழும் முகப்புச் சுவர், அதில் ஒட்டி நிற்கும் தட்டைத் தூண்கள், உச்சியில் குவியும் முகடு ஆகியவை அப்பாணியின் பொது இலக்கணம். கோவாவின் பழைய தேவாலயங்களைக் கண்டவர் இதனை அறிவர். தாய்மண்ணில் அக்கலைக்குப் பொருளுண்டு. லிஸ்பனில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மானுவல் எழுப்பத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடத்தில், கப்பற்கயிறும் கடல்வாழ் உயிர்களும் கல்லில் பூத்திருக்கின்றன. கீழ்த்திசை வாணிபத்தின் மீது விதித்த, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வரியே அதற்குப் பொருள் தந்தது. வாஸ்கோ ட காமாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கடலால் வாழ்ந்த நாடு கடலைக் கல்லில் எழுதியது; அது நேர்மையான கலையே. அந்த மிளகுச் செல்வத்தின் மறுபக்கத்தை, 1538-இல் வேதாளைக் கரையில் மரக்கலங்களை இழந்த மரைக்காயர்கள் அறிவர்.

ஆயின் ஓரியூரில் அம்முகப்பு எதனை உரைக்கிறது? பிறந்த மண்ணின் நினைவு வேண்டாமா என்று சிலர் வினவலாம். 1687-இல் சபைப் பணியாகப் போர்ச்சுகலுக்குச் சென்ற பிரிட்டோ, அங்கேயே தங்கிவிடாமல் 1690-இல் மீண்டும் இந்தியா வந்தவர். தம் வாழ்நாளெல்லாம் களைய முயன்ற அயல்முகத்தை, மறைந்தபின் அவருக்கே மீண்டும் அணிவித்துவிட்டார்கள். முகப்பு அழகில் குறைந்ததன்று; அம்மனிதருக்குப் பொருந்தாதது. இதுவே நம் கருத்து.

அதே சேதுபதி சீமையில் மற்றொரு கட்டடம் உள்ளது. வள்ளல் சீதக்காதியின் குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி அது. வரிசையாகக் கல் தூண்கள், தூண்மேல் போதிகை, அதன்மேல் கற்பாளம் பரப்பிய தட்டைக் கூரை. கோயில் மண்டபம் கட்டிய அதே சிற்பியர் மரபு. உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் மலர்களும் கோலங்களும் உள்ளன. கிப்லாவை நோக்கிய சுவர், இது தொழுமிடம் என்பதை ஐயமின்றி உணர்த்துகிறது. கொள்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காமல், மண்ணின் மொழியிலேயே அது பேசுகிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் வயல்வெளியாகப் பாடினார். அதனையே இங்கு உளி செய்திருக்கிறது.

இவ்வளவும் எழுதியபின் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் பழைய கல்லுப் பள்ளிகளை இடித்துவிட்டு, எங்கோ கண்ட படத்தைப் பார்த்துச் சிமெண்டுக் குவிமாடமும் மினாராவும் எழுப்புகிறோமே, அது எவ்வகையில் வேறுபட்டது? குவிமாடம் கூடாதென்பதில்லை. இடம் போதாதெனில் பக்கத்தில் விரிவாக்கலாம். முன்னோர் நிறுத்திய தூணை ஏன் சாய்க்க வேண்டும்? ஓரியூரார் தம் புனிதருக்கு அயல்முகம் அணிவித்தனர். நாமோ, இருக்கும் நம் முகத்தையே உடைத்துக்கொண்டிருக்கிறோம். இதனை ஜமாஅத்துப் பெரியவர்கள் சிந்திப்பார்களாக!