இறைவனோடு வழக்காடியவர்கள்

கஷ்டம் வந்தால் சாமியைத் திட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்; பெரியவர்கள் பலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் நாள்தோறும் ஓதும் திருமுறையிலேயே திட்டுக்குக் குறைவில்லை.

சைவத்தில் இந்த நெறிக்கு முதல்வர் சுந்தரர். இறைவனோடு அவருக்கு உறவு ஏற்பட்டதே ஒரு வழக்கில்தான். மணப்பந்தலுக்கு ஓலையோடு வந்து ‘நீ என் அடிமை’ என்ற கிழவரைப் பித்தர் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் தோற்றார். வன்தொண்டர் என்ற பெயர் மிஞ்சியது. பின்னால் வந்த சித்தாந்திகள் அப்பருக்கு அடிமை நெறி, சம்பந்தருக்கு மகன் நெறி, சுந்தரருக்குத் தோழமை நெறி என்று வகுத்தார்கள். சட்டையைப் பிடித்துக் கேட்கும் உரிமை தோழனுக்குத்தானே உண்டு.

அந்த உரிமைக்குச் சோதனை திருவொற்றியூரில் வந்தது. ‘பிரியேன்’ என்று தாம் மணந்த சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர், திருவாரூர் நினைப்பில் ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்று பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! ஆத்திரத்தில் அதை வீசினார், பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலத்துக் கதை. பூண்டி நீர்த்தேக்கத்துக்காக ஊர் மூழ்கியபின் இடம் மாற்றிக் கட்டிய ஊன்றீஸ்வரர் கோயிலில் கொம்பொடிந்த அந்த நந்தியைப் பார்க்கலாம்.

அவர் குற்றத்தை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் பொறுப்பீர் என்று நம்பித்தானே தவறினேன் என்பது அவர் வாதம். காஞ்சியில் இடக்கண் வந்தது. மற்றதற்காக ஆரூரில், அடியார் வாடினாலும் நீராவது நன்றாக இரும் என்று வாழ்த்துகிற தோரணையில் ஒரு குத்து வைத்தார். வலக்கண்ணும் வந்தது. செய்த பிழையை ஒப்புக்கொண்டு, சன்னிதியில் நின்று, முகத்துக்கு நேரே கேட்பது: இந்த மரபின் உரைகல் இதுதான் என்பேன்.

மாணிக்கவாசகர் முறை வேறு. உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பத்தின் ஐம்பது பாட்டும் ‘கைவிடாதே’ என்ற ஒரே கெஞ்சல். கெஞ்சலுக்கு நடுவே, கைவிட்டால் ஊர் சிரிக்க உன் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலும் உண்டு.

வைணவத்தில் கேள்வி பெரும்பாலும் பெண் குரலில் வரும். நம்மாழ்வார் ஒரு தாயாகி, இரவும் பகலும் உறங்காத என் மகளை என்ன செய்வதாக உத்தேசம் என்று திருவரங்கனையே நிறுத்திக் கேட்கிறார். ஆண்டாள் கோபத்தின் உச்சத்தில் தன் மார்பையே பறித்து அவன்மேல் எறியத் துணிகிறாள். இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் குலசேகரர்: அறுத்துச் சுட்டாலும் வைத்தியனிடம் அன்பு மாறாத நோயாளியாகத் தன்னை வைத்துக்கொள்கிறார். அதுவும் ஒரு நெறிதான். ஆனால் அங்கே வழக்கே இல்லை.

இகழ்வதுபோல் புகழும் காளமேகத்தின் நிந்தாஸ்துதிகளை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன். சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை, வலிதான் இல்லை. தில்லைக் கூத்தனின் தூக்கிய காலை முடமாகிவிட்டதா என்று கேலி செய்த பாபவிநாச முதலியார் பாட்டு காம்போதியில் கேட்கும்போது தேவலாம். பாதிப் பெருமை ராகத்துக்கு.

ஏட்டில் ஏறாத பள்ளி ஒன்றும் உண்டு. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். வருணனுக்குக் கேட்கும்படி ஊரே சேர்ந்து போடும் வழக்கு அது. பக்தி மலர்களில் இதற்கு யாரும் பக்கம் ஒதுக்குவதில்லை.

வள்ளலாரிடம் வரும்போது வழக்கின் பொருளே மாறுகிறது. பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் அவர் இறைவனைத் தந்தையாக வைத்து முறையிடும் துயரங்களில் பெரும்பகுதி அடுத்தவர் துயரம். பிறர் பசியைக் கண்டு நடுங்கியது, பிணியைக் கண்டு பதைத்தது. முறையிட்டுவிட்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி, வந்தவர்க்கெல்லாம் சோறு போட ஏற்பாடு செய்தார்.