திராட்சைக்கு அங்கே என்ன குறை?

ஒயின் விளையும் நிலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பையிலிருந்து தொடங்குகிறார்கள்: நிறம், மணம், நாவில் தங்கும் புளிப்பு. நிலத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அதற்கு ஒரு துளி குடிக்க வேண்டியதும் இல்லை. பேர்பெற்ற வட்டாரம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே திராட்சைக்கு என்ன குறை என்பதுதான். ஐரோப்பாவில் நல்ல வண்டல் நிலம் கோதுமைக்குப் போனது. கொடிக்குக் கிடைத்தது பெரும்பாலும் மற்றப் பயிர்கள் தாங்காத சரிவும் சரளையும். அந்தக் குறைக்கு உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த விடைதான் அவ்வட்டாரத்தின் தோற்றம், ரகம், சுவை எல்லாம்.

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. 1730 முதல் 1736 வரை அங்கே எரிமலை பொங்கி, நல்ல விளைநிலத்தில் பெரும்பகுதி சாம்பலுக்கும் குழம்புக்கும் அடியில் போயிற்று. ஆண்டு மழை 15 சென்டிமீட்டர் அளவுதான். போதாததற்கு வடகிழக்கிலிருந்து ஓயாத காற்று. லா ஹேரியா பகுதி உழவர்கள் கருஞ்சாம்பலைத் தோண்டி, அடியில் கிடந்த பழைய மண்ணை எட்டினார்கள். ஆழமான குழி, அதற்குள் ஒரு கொடி, காற்று வரும் பக்கம் அரைவட்டக் கல்சுவர். நிலத்தை அழித்த அதே சாம்பல் பயிரைக் காத்தது: துளைகள் நிறைந்த அந்தத் துகள்கள் இரவின் ஈரத்தை வாங்கி, பகலில் அடிமண் காயாமல் மூடிவைக்கின்றன. அந்த நிலத்தின் படத்தைப் பார்ப்பவர்கள் அதன் விசித்திரத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். சுவர் எந்தத் திசையைத் தடுக்கிறது, குழிக்கும் குழிக்கும் இடையே ஏன் இவ்வளவு வெற்றிடம், இயந்திரம் நுழையாத இடத்தில் அறுவடை எப்படி நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொன்றும் நீரைச் சேமிக்கும் ஏற்பாடு என்பது புரியும். ஏஜியன் கடலின் சாண்டோரினியிலும் காற்றும் வறட்சியும்தான் சிக்கல். அங்கே கொடியையே தரையோடு தரையாகக் கூடைபோல் முடைந்து, குலைகளை அதற்குள் காய்க்க விடுகிறார்கள்.

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் குறை வெயில். 50-ஆம் பாகை வடக்கு அட்சரேகை திராட்சைக்கு விளிம்பு. அதிலும் ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் ரகம். ஆகவே ஆறு வளையும் இடங்களில் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில் கொடியை ஏற்றினார்கள். சாய்ந்து விழும் வெயிலைச் சரிந்த நிலம் நேராக வாங்கிக்கொள்கிறது. சிலேட்டுக் கல் பகல் சூட்டைப் பிடித்து இரவில் விடுகிறது. பிரான்சின் பர்கண்டியில் கணக்கு இன்னும் நுட்பம். கோட் டோர் சரிவின் உச்சியில் மண் மெலிவு, குளிர் அதிகம்; அடிவாரத்தில் மண் கனத்து ஈரம் தங்கும்; இடைப்பட்ட பட்டையில்தான் பினோ நுவார் ரகம் சிறப்பாகப் பழுக்கிறது. உலகமே பேசும் ரொமானே-கோன்டி தோட்டம் 2 ஹெக்டேர்கூட இல்லை. வெயில் மட்டுமட்டாகக் கிடைக்கும் இடம் என்பதால்தான் சில அடி மேலும் கீழும் பழத்தில் தெரிகிறது. எல்லாம் எளிதில் பழுக்கும் வெப்ப நிலத்தில் அந்த வேறுபாடு மங்கிவிடும்.

நிலமே ஒயினின் குணத்தை வகுக்கிறது என்னும் மண்வாகுப் பேச்செல்லாம் விற்பனைக்கான கதை என்பவர்கள் உண்டு. அவர்களிடம் வலுவான சான்றும் உண்டு. பர்கண்டியில் சிஸ்டர்சியத் துறவிகள் மதில் எழுப்பிய க்ளோ தெ வூஜோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், அடிவாரச் சாலை வரை இறங்குகிறது. கீழ்ப்பகுதி மண் மேல்பகுதியைப் போன்றதல்ல. ஆனாலும் மதிலுக்குள் இருப்பது அத்தனைக்கும் ஒரே உச்சத் தரம். 1976-இல் பாரிசில் பெயர் மறைத்து நடந்த சுவைப்போட்டியிலோ, பிரெஞ்சு நடுவர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னிய ஒயினை முதலிடத்தில் வைத்தார்கள். இரண்டு உண்மைகளையும் மறுக்க முடியாது. ஆனால் முதலாவது, எல்லைக்கோட்டை வரலாறு போட்டது என்று மட்டுமே காட்டுகிறது. மேல்மண்ணும் கீழ்மண்ணும் வேறு என்பதை ஏற்றால்தானே அந்த எல்லையைக் குறைசொல்லவே முடியும்? இரண்டாவது, பிரான்சின் தனியுரிமையை உடைத்ததே தவிர இடத்தின் பங்கை உடைக்கவில்லை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் குறை குளிர்ச்சி. சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து ஏறிவரும் மூடுபனி அதை ஈடுகட்டுகிறது. இன்னொரு ஆட்சேபம் எனக்கு இவற்றைவிடக் கனமானது: இந்தப் பார்வை பிறர் படும் பாட்டை அழகாக்கிவிடாதா? ஆக்கிவிடக்கூடும். மோசலின் செங்குத்துச் சரிவுகளில் பல, கூலி கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டுப் புதர் மண்டியவை. புதர் மண்டிய அந்த அடுக்குகளையும் எண்ணிக்கொள்கிறவரே அந்தச் சரிவை முழுசாகப் பார்த்தவர்.

குறைகளும் நிலையாக இல்லை. பர்கண்டியின் போன் நகர அறுவடைத் தேதிகள் 1354-லிருந்து கிடைக்கின்றன. பருவநிலை சூடேறியதால் 1988-க்குப் பிறகு அறுவடை முன்பைவிடச் சராசரியாக 13 நாள் முந்தி வருகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ், கென்ட் பகுதிகளில் ஷாம்பெயின் வட்டாரத்தில் உள்ளதைப் போன்ற சுண்ண மண் எப்போதும் இருந்தது, வெயில்தான் போதவில்லை. இப்போது அங்கிருந்து தரமான நுரைக்கும் ஒயின் வருகிறது. ஆகவே ஒரு வட்டாரத்தின் பெயர் காதில் விழுந்தால் வரைபடத்தில் அட்சரேகை, உயரம், ஆறு வளையும் விதம், சரிவு பார்க்கும் திசை ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு, முதல் கொடியை நட்டவர்கள் எதிர்கொண்ட குறை இன்றைக்கும் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.