வரிகளைக் குறைத்தால் எளிமையா?

விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் 2பி அறிக்கை, மாதந்தோறும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் தயாராகிவிடும். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும். 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலில் பட்டாசு ஆலைக்குக் கணக்குப் பார்ப்பவரானாலும், அச்சகத்துக்குப் பார்ப்பவரானாலும் இந்த இடைவெளியில் முக்கியமான வேலை ஒன்று உண்டு. கொள்முதல் பதிவேட்டில் இருக்கும் பில்கள் 2பியோடு டேலி ஆகின்றனவா என்று பார்க்க வேண்டும். விற்றவர் தம் அறிக்கையில் காட்டாத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பட்டாசுக்கு 18 சதவீத வரி கட்டும் ஆலைக்கு, இப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு பில்லும் கைக்காசு.

சிவப்பு மையில் டிக் அடித்துப் பார்த்த காலம் போய், எக்செல்லில் இரண்டு தாள்களிலும் ஒத்த கட்டங்களுக்கு மேக்ரோ என்னும் சிறு நிரல் பச்சை நிறம் பூசும் காலம் வந்துவிட்டது. அந்த மேக்ரோவைச் சுருக்கி எளிமையாக்குவது இன்று அலுவலகத்துக்கு அலுவலகம் நடக்கிறது. இது நல்ல வழக்கம்தான். ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்பதில் கவனம் இல்லாவிட்டால், நாற்பது வரியில் சரியாக ஓடியது நான்கு வரியில் தவறாக ஓடும்.

முதலில் இதன் நியாயத்தைப் பார்ப்போம். 1993இல் எக்செல்லுக்குள் விபிஏ மொழி வந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் ரெக்கார்டரை ஓடவிட்டு அதில் மேக்ரோ செய்துகொள்ளலாம். ரெக்கார்டர் நம் கை போன போக்கையெல்லாம் எழுதிவைக்கும். கட்டத்தைத் தேர்ந்தெடு, கீழே நகர்த்து, மறுபடி தேர்ந்தெடு, நிறம் பூசு என்று பக்கம் பக்கமாக வளரும். பதிவு செய்த நாளில் 500 வரிசை இருந்திருந்தால் அந்த எண்ணே நிரலில் நிலைத்துவிடும். பருவ மாதத்தில் பில்கள் 800 ஆனாலும் மேக்ரோ 500ஆவது வரிசையோடு வேலையை முடித்துக்கொள்ளும். மீதி 300 பில்கள் நிறமில்லாமல் கிடப்பதற்குப் பில் டேலி ஆகாதது காரணம் அல்ல, மேக்ரோ பார்க்காததே காரணம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. இத்தகைய நிரலைச் சுருக்கினால் லாபமே தவிர நட்டம் இல்லை.

வேகமும் ஒரு நியாயம். ஒரு தாளில் 5,000 பில், மற்றதில் 5,000 பில் என்று வைத்துக்கொள்வோம். சுழற்சிக்குள் சுழற்சி வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 2.5 கோடி ஒப்பீடுகள் ஆகும். ஒரு தாளின் பில்களை டிக்‌ஷனரி என்னும் அமைப்பில் ஏற்றி, மற்றதை அதில் தேடினால் 5,000 முறை ஏற்றி 5,000 முறை தேடுவதோடு வேலை முடியும். டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டியிருந்த விடை உடனே வந்துவிடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் அடுத்தவர் வாசித்துப் புரிந்துகொள்ளவும் சிறிய நிரலே உதவும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் பிறக்கிறது. சுருக்குபவர்கள் பெரும்பாலும் சுழற்சியை எடுத்துவிட்டு, ஒரு மதிப்பு எத்தனை கட்டங்களில் இருக்கிறது என்று எண்ணும் கவுண்டிஃப் சூத்திரத்தை வைக்கிறார்கள். பழைய சுழற்சியும் கவுண்டிஃப்பும் ஒரே கேள்விக்கு ஒரே விடை தருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அதுவல்ல. விபிஏவின் இயல்பான ஒப்பீட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, கவுண்டிஃப்புக்கு இரண்டும் ஒன்றே. 0012 என்று எழுத்தாகப் பதிந்த பில்லையும் 12 என்ற எண்ணையும் கவுண்டிஃப் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் 105 ஒரு தாளில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தால் டிக்‌ஷனரிக்கு அவை இரண்டு வேறு பில்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துருக்கள் வரை இருக்கலாம். எக்செல்லோ எண்களில் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் காக்காது. ஆகவே கடைசி இலக்கம் மட்டும் மாறுபடும் இரண்டு 16 இலக்க எண்களைக் கவுண்டிஃப் ஒன்றென்று சொல்லிவிடும்.

ஃபைண்ட் கட்டளை இன்னும் வஞ்சகமானது. கட்டம் முழுவதும் ஒத்திருக்க வேண்டுமா, ஒரு பகுதி ஒத்தால் போதுமா என்பதை நிரலில் சொல்லாமல் விட்டால், கடைசியாகத் தேடியபோது இருந்த தேர்வையே அது எடுத்துக்கொள்ளும். அது பகுதித் தேர்வாக இருந்தால், 5ஆம் எண் பில்லைத் தேடப் போய் 105க்கும் பச்சை பூசிவிடக்கூடும். சுருக்குகிறேன் என்று அந்த ஒரு சொல்லை நீக்கியதன் விலை அது. இதே ரகத்தைச் சேர்ந்ததுதான் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி. பத்து வரிச் சோதனைக்குப் பதிலாக அதை ஒன்று போட்டால் நிரல் குறுகும். கூடவே பிழைச் செய்திகளும் காணாமல் போகும், பிழைகள் மட்டும் அப்படியே இருக்கும்.

இவற்றைவிட அடிப்படையான குறை ஒன்று, நீளமான நிரலுக்கும் சுருக்கிய நிரலுக்கும் பொதுவாக இருக்கிறது. பில் எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது. 105ஆம் எண் பில்லை அட்டைப்பெட்டி விற்றவரும் போட்டிருப்பார், அலுமினியப் பவுடர் விற்றவரும் போட்டிருப்பார். ஒரு நிதியாண்டில் ஒரு வியாபாரிக்குள் மட்டுமே பில் எண் தனித்தது. ஆகவே ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, பில் எண் மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அதேபோல், ஒரே பில்லைப் பதிவேட்டில் தவறுதலாக இரண்டு முறை ஏற்றியிருந்தால், 2பியில் உள்ள ஒற்றை வரிசையோடு இரண்டுமே ஒத்துப்போகும், இரண்டுக்கும் பச்சை விழும். வரவை இரட்டிப்பாக எடுத்த பின்னால் வரும் நோட்டீசுக்கு அந்தப் பச்சை நிறம் பதில் சொல்லாது.

நிறத்தை நம்புவதிலும் ஒரு வரம்பு வேண்டும். மேக்ரோ பூசிய நிறம் அந்த நேரத்து நிலவரம் மட்டுமே. பின்னர் பில் எண்ணைத் திருத்தினாலும் நிறம் தானாக மாறாது. மேக்ரோ ஓடியபின் அன்டூ செய்து பழைய நிலைக்குத் திரும்பவும் வழியில்லை. தரவு மாற மாற நிறமும் மாற வேண்டுமென்றால் மேக்ரோவே தேவையில்லை. எக்செல் 97இலிருந்து இருக்கும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போதும். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து ‘உள்ளது’, ‘இல்லை’, ‘இருமுறை’ என்று எழுதவைப்பது இன்னும் மேல். அதை வடிகட்டலாம், கூட்டலாம், நிறம் பிரித்தறிய முடியாதவரும் படிக்கலாம், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஆடிட்டரிடம் கொடுக்கலாம்.

ஆக, எளிமையின் அளவுகோல் வரி எண்ணிக்கை அன்று. ‘ஒத்த பில்’ என்றால் என்ன என்ற வரையறை நிரலில் ஒரே இடத்தில், வாசித்தால் விளங்கும்படி இருக்கிறதா என்பதே அளவுகோல். முன்பின் உள்ள இடைவெளியை நீக்குவது, எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, ஜிஎஸ்டி எண்ணோடும் நிதியாண்டோடும் சேர்ப்பது ஆகிய மூன்றும் ஒரு சிறு ஃபங்ஷனுக்குள் இருக்கட்டும். ஒப்பிடும் இடமெல்லாம் அதையே அழைக்கட்டும். அந்த ஃபங்ஷனால் நிரல் பத்து வரி நீண்டாலும் அது எளிமையான நிரலே. ரெக்கார்டர் விட்டுச்சென்ற குப்பையையும் வீண் சுழற்சியையும் தயங்காமல் நீக்கலாம். வரையறையைத் தாங்கி நிற்கும் வரிகளில் மட்டும் கத்தி வைக்கக் கூடாது.

மேக்ரோவைச் சுருக்கி முடித்ததும், ஒரே மாதத் தரவின் இரண்டு நகல்களில் பழையதையும் புதியதையும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறும் ஒவ்வொரு பில்லுக்கும் காரணம் சொல்ல முடிகிற வரையில் பழைய மேக்ரோவை அழிக்காதீர்கள்.