நேட்: நிரந்தரமாகிவிட்ட தற்காலிக ஏற்பாடு

இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரியின் நீளம் 32 பிட். அதிலிருந்து பெறக்கூடியவை ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். அவற்றிலும் ஒரு பகுதி பொதுப் பயனுக்கு வராது. இந்த இருப்பு நெடுநாள் தாங்காது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 ஆவணம், நேட் எனப்படும் முகவரி மாற்றும் முறையைக் குறுகிய காலத் தீர்வாக முன்வைத்தது. இன்று வீட்டு ரூட்டர் முதல் செல்பேசி நிறுவனங்களின் வலை வரை அது இல்லாத இடம் அரிது.

வீட்டிலுள்ள கணினிக்கும் செல்பேசிக்கும் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் தனி முகவரிகளே கிடைக்கின்றன. இவற்றை எவரும் தம் வலைக்குள் பயன்படுத்தலாம். வெளி இணையத்தில் இவை செல்லுபடியாகா. தகவல் துண்டான பாக்கெட் வெளியேறும்போது ரூட்டர் அனுப்பும் கருவியின் முகவரியை எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியை இடுகிறது. தேவைப்பட்டால் இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் போர்ட் எண்ணையும் மாற்றி, எது எந்தக் கருவிக்குரியது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் குறிப்பின்படி உரிய கருவிக்கு அனுப்புகிறது.

பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் விளைந்த நன்மை பெரிது. உலகளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவின் மையத் தொகுப்பில் இருந்த ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தன. அதன் பிறகும் இணையம் வளர்ந்துகொண்டே போனது. இணைய நிறுவனத்தை மாற்றினாலும் அலுவலகத்தின் உள்முகவரிகளைத் தொட வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

குறைகள் ஆழமானவை. எந்தக் கருவியும் எந்தக் கருவியோடும் நேரடியாகப் பேசலாம் என்பதே இணையத்தின் அடிப்படை அமைப்பு. நேட்டுக்குப் பின்னால் உள்ள கருவி வெளியே பேச்சைத் தொடங்கலாம். ரூட்டரில் தனி ஏற்பாடு செய்யாமல் வெளியிலிருந்து அதை அழைக்க வழியில்லை. தகவலுக்குள்ளேயே முகவரியை எழுதி அனுப்பும் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), எஸ்ஐபி (இணைய அழைப்பு) போன்ற நெறிமுறைகள் இதில் தடுமாறின. வீடியோ அழைப்புக்கு ஸ்டன், டர்ன் என்ற துணை ஏற்பாடுகள் தேவைப்பட்டன. நேர்வழி அமையாதபோது டர்ன் சர்வர் முழு உரையாடலையும் தன் வழியே சுற்றிவிடுகிறது. செலவும் தாமதமும் கூடுகின்றன. அட்டவணைக் குறிப்பு காலாவதியாகாமல் இருக்கச் செல்பேசி அவ்வப்போது வெற்றுப் பாக்கெட் அனுப்ப வேண்டியிருப்பதால் பேட்டரியும் கரைகிறது.

முகவரிகள் மேலும் அருகியதும் இணைய நிறுவனங்களே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்தன. அத்தகைய இணைப்பில் வீட்டு ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டாலும் சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாது. குற்றம் செய்தவரை முகவரி கொண்டு அடையாளம் காண முடியவில்லை என்று 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோப்போல் இந்த வழக்கத்தை எதிர்த்தது.

நேட் பாதுகாப்புத் தருகிறது என்ற நம்பிக்கை பரவலானது. அதில் பாதிதான் உண்மை. கேளாமல் வரும் பாக்கெட்டை அது தடுப்பது அட்டவணையில் குறிப்பு இல்லாததால்தான். முகவரியை மாற்றாமலே இதைவிடத் திறம்படத் தடுக்க ஃபயர்வால் இருக்கிறது. உள்ளே நுழைந்துவிட்ட தீநிரல் வெளியே தொடர்புகொள்வதை நேட் தடுப்பதும் இல்லை.

நேட்டின் மிகப்பெரிய தீங்கு, அது ஓரளவு நன்றாகவே வேலை செய்ததுதான். 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6 முதன்முதலில் 1995 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டது. நெருக்கடி உறைக்காததால் நிறுவனங்கள் அதைத் தள்ளிப்போட்டன. இந்தியாவில் 2016இல் சேவை தொடங்கிய ஜியோ போன்ற செல்பேசி வலைகள் ஐபிவி6-ஐப் பெருமளவில் நடைமுறைப்படுத்தி, தள்ளிப்போட்டிருக்கத் தேவையில்லை என்று காட்டின. புதிய வலை அமைப்போர் ஐபிவி6-ஐ முதன்மையாகக் கொண்டு, பழைய ஐபிவி4 தளங்களை எட்டுவதற்கு மட்டும் முகவரி மாற்றத்தை எல்லையில் வைத்துக்கொள்வதே முறை.