வட்டமும் மதிலும்

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளைக் கண்டு, நகர வளர்ச்சி பற்றிய வட்ட மண்டலக் கொள்கையை நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்பார் உளர். இக்கூற்றை ஆராய்வாம்.

1925-இல் சிகாகோ நகரை வைத்து எர்னெஸ்ட் பர்கெஸ் வகுத்த அக்கொள்கையின்படி, நடுவிலுள்ள வணிகப் பகுதி பெருகப் பெருக, ஒவ்வொரு வட்டமும் தனக்குப் புறத்தேயுள்ள வட்டத்துள் புகும். எனவே எல்லைகள் நிலையில்லாதன. திருவரங்கத்திலோ எல்லை கல்மதில், வடிவம் நாற்கோணம், நடுவிலிருப்பது அங்காடியன்று, கருவறை. உத்தர வீதியும் சித்திரை வீதியும் இறைவன் உலா வரும் வீதிகள். மதுரையைத் தாமரையாகவும் அதன் தெருக்களை இதழ்களாகவும் காட்டும் பரிபாடல் உவமையும் நகரின் ஒழுங்கையே உணர்த்துகின்றது, வளர்ச்சியை அன்று.

காவிரியின் தென்கரைத் திருச்சிராப்பள்ளியின் அமைப்போ வேறு. மலைக்கோட்டையைச் சூழ்ந்த கடைவீதிகள், சோழர் பழம்பதியாகிய உறையூர், ஆங்கிலேயர் படை தங்கிய கண்டோன்மெண்ட், 1928 முதல் இயங்கும் பொன்மலை ரயில்வே பணிமனை என அதற்கு நடுவிடங்கள் பல. 1945-இல் ஹாரிஸும் உல்மனும் உரைத்த பல்மையக் கொள்கையே இதற்குப் பொருந்தும். 1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் மாநகராட்சியுள் இணைந்தமை இதனை மேலும் தெளிவாக்கும்.

உருவ ஒப்புமை காரண ஒப்புமை ஆகாது. முன்னோர் கருதாத கொள்கையை அவர்மேல் ஏற்றிப் புகழ்வது, அவர் உண்மையில் ஆக்கியதைக் காணாதொழிவதே ஆகும் என்பது எம் துணிபு.