வால்வின் நேரம் அறிந்த கைகள்

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றி முடிப்பதற்குள் கேம் ஷாஃப்ட் ஒரே முறை சுற்றுகிறது; அந்த ஒரு சுற்றில் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடியாக வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது என்பதால், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் எரிந்த புகை வெளியேறவும் வழிவிடும் அந்தச் சிறு உலோகக் கதவுகளின் நேரம் இம்மி பிசகினாலும் வண்டியின் வேகம் குன்றிவிடுகிறது. அந்தப் பிசகு எங்கே நேர்ந்தது என்று கண்டறிவது மோட்டார்ப் பட்டறைக் கைவினைகளுள் மிக நுண்ணியது. எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைவிட, எந்தப் பாகத்தைத் தொடவே வேண்டாம் என்று அறிவதில்தான் அதன் அழகு இருக்கிறது.

இந்த அழகை ரசிப்பதற்கு இந்தியச் சாலைகளில் கிடைத்த மிகச் சிறந்த வண்டி, 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி வி-டெக் என்று துணிந்து கூறலாம். அதன் எஞ்சின் தந்த 106 குதிரைத்திறன் அன்றைய இந்தியக் குடும்பக் கார்களுக்குப் பெரிய அளவு. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் வளர்ந்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தைப் பெற்ற சென்னைக் கார்ப் பந்தய மரபிலும் அது இடம் பிடித்தது. வாகன வரி குறைவு என்பதால் புதுச்சேரி எண் பலகையோடு வேகமான கார்கள் ஓடும் வட்டாரத்தில், இருபது ஆண்டைக் கடந்த அந்த வண்டியை இன்றும் மனமுவந்து பேணுபவர்கள் உண்டு.

வி-டெக் என்னும் முறையை ஹோண்டா 1989இல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கிய குழுவின் முதன்மைப் பொறியாளர் இக்குவோ கஜிதானி. கேம் ஷாஃப்டில் வால்வைத் தள்ளுவதற்கென முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதியைக் கேம் மேடு என்றும், அந்தத் தள்ளலை வால்வுக்குக் கொண்டுசேர்க்கும் சிறு நெம்புகோலை ராக்கர் ஆர்ம் என்றும் சொல்வர். சிட்டியில் ஒவ்வொரு சிலிண்டரின் இரண்டு உள்வால்வுகளுக்கும் சேர்த்து மூன்று மேடுகளும் மூன்று ராக்கர்களும் உள்ளன. குறைந்த சுற்றில் ஓரத்து ராக்கர்கள் இரண்டும் தத்தம் வால்வைத் திறக்க, உயரமான மேட்டின் மேல் ஏறி இறங்கும் நடு ராக்கர் எந்த வால்வையும் தொடாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். சுற்று உயர்ந்ததும் கணினி கட்டளையிட, சோலனாய்டு என்னும் மின்காந்தத் திறப்பான் எண்ணெய்க்கு வழிவிட, எண்ணெயின் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அதன்பின் வால்வுகள் நடு மேட்டின் உயரத்துக்குத் திறப்பதால் எஞ்சினின் குரலே மாறிவிடும். எஞ்சினுக்கு மசகாக ஓடும் எண்ணெயையே கட்டளை ஏந்தும் கையாகவும் ஆக்கிக்கொண்ட இந்த எண்ணம் வியப்பூட்டும் எளிமை உடையது.

பழுதும் பெரும்பாலும் அந்த எண்ணெயின் பாதையில்தான் வருகிறது. வண்டி கீழ்ச் சுற்றில் நன்றாகவே இழுக்கும். அதற்குமேல் குரல் மாறாமல், இழுவை கூடாமல் அயர்ந்துவிடும். எஞ்சின் விளக்கும் எரியலாம். அக்கால ஹோண்டா வண்டிகளில் டேஷ்போர்டின் அடியில் உள்ள இருமுனைச் சாக்கெட்டை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், அந்த விளக்கே சிமிட்டிச் சிமிட்டிப் பழுதின் எண்ணைச் சொல்லும்: நீண்ட சிமிட்டல் பத்தையும் குறுஞ்சிமிட்டல் ஒன்றையும் குறிக்கும். இரண்டு நெடிலும் ஒரு குறிலும் வந்தால் 21, அதாவது சோலனாய்டின் மின்சுற்று; இரண்டு நெடிலும் இரண்டு குறிலும் வந்தால் 22, அதாவது எண்ணெய் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் சுவிட்ச். அவசரக்காரர் உடனே புதிய சுவிட்சை வாங்கிவரச் சொல்வார். தேர்ந்தவர் முதலில் எண்ணெய்க் கம்பியை உருவி அளவையும் நிறத்தையும் பார்ப்பார், ஏனெனில் எண்ணெய் குறைந்தாலும் அழுத்தம் எழாது, எண் 22 தான் வரும். அடுத்து ஒயர் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே நோக்குவார். புதுச்சேரியின் கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் வரும் பூரணாங்குப்பம் போன்ற ஊரில், உப்புக்காற்று தாமிர முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடுவது இயல்பு. அந்தக் களிம்பைச் சுரண்டித் துடைத்ததோடு தீர்ந்துவிடக்கூடிய பழுதுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.

அதிலும் தீராதபோது சோலனாய்டின் மின்தடையை மீட்டரில் பார்க்கிறார்கள்; 14 முதல் 30 ஓம் வரை இருந்தால் சுருளில் குறையில்லை. பேட்டரி மின்சாரத்தைத் தொட்டுக் கொடுத்தால் ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். அதன்பின் மூன்று போல்ட்டைக் கழற்றி அந்த உறுப்பைச் சிலிண்டர் ஹெட்டிலிருந்து பிரித்தால், இடையில் ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் அதில் பதிந்த விரல்நுனி அளவு வலைச்சல்லடையும் தென்படும். காலம் கடந்து எண்ணெய் மாற்றிய வண்டியில் அந்தச் சல்லடையின் கண்கள் கரிப்பசையால் அடைந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவாது. பழுதின் மூலம் கையில் வந்துவிடும் கணம் அது. ஆனால் சல்லடையை மட்டும் மாற்றிவிட்டு, பசையை உண்டாக்கிய பழைய எண்ணெயை அப்படியே விட்டுவைப்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

எண்ணெயையும் மாற்றியபின் மீதியிருப்பது டேப்பெட் வேலை; ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியைச் சரிசெய்வதற்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர் அது. ஹெட் கவரைத் திறந்து, பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சிக்கு வரும்படி எஞ்சினைக் கையால் சுழற்றி (இந்த எஞ்சின் மற்றவற்றைப்போல் வலஞ்சுழியாக அன்றி இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதை மறந்தவர்கள் பலர்), நடு ராக்கரை விரலால் அழுத்தினால் அது மட்டும் தனித்து அசைய வேண்டும். பக்கத்து ராக்கர்களும் சேர்ந்து அசைந்தால் பூட்டும் ஊசி சிக்கியிருக்கிறது என்று பொருள். பிறகு ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகி, உள்வால்வுக்கு 0.18 முதல் 0.22 மில்லிமீட்டரும், அதிகம் சூடாகி நீளும் வெளிவால்வுக்கு 0.23 முதல் 0.27 மில்லிமீட்டரும் விடுகிறார்கள். தகடு தடையின்றி வழுக்கவும் கூடாது, இறுகி நிற்கவும் கூடாது. மெல்லிய பிடிப்போடு உருவி வர வேண்டும். அந்தப் பிடிப்பு எவ்வளவு என்பதை எந்தக் கையேடும் விரலுக்குக் கற்றுத்தர முடியாது. இடைவெளி கூடினால் டேப்பெட் சத்தமிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தாலோ எஞ்சின் அமைதியாக ஓடும், ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுதாகப் படியாததால் வெப்பத்தை இறக்கிவைக்க வழியின்றிக் கருகிப்போகும். அமைதியை நலம் என்று நம்பாத காது இந்தத் தொழிலில் அரிய சொத்து.

இந்த அளவுகள் யாவும் சிலிண்டர் ஹெட் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மட்டுமே பொருந்தும். சித்திரை, வைகாசியில் பூரணாங்குப்பத்து நண்பகல் வெயில் தானே அந்த அளவை எட்டிவிடக் கூடுமாதலால், டேப்பெட் பார்க்க உகந்த நேரம் விடியற்காலைதான். ஆகவே வண்டிக்கு உரியவர்கள் காலையில் ஓட்டிவந்து பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாமல், முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டுச்செல்ல வேண்டும்.